இருட்டறையில் ஒருத்தி

மஞ்சள் உருண்டை மறுபடியும் நின்றுவிட்டது.

எதிரே சுவர் இருந்தால் நிற்கலாம். அங்கே சுவரே இல்லை. கணினித் திரையில் வெறும் கருப்பு அறை. அதன் நட்டநடுவில், யாரோ கை நீட்டித் தடுத்ததுபோல உருண்டை நின்றது.

பெரியவள் திரையருகே குனிந்தாள். அவளே எழுதிய விளையாட்டு அது. விதி ஒன்றுதான்: அடுத்த புள்ளி கருப்பென்றால் போ, வேறு நிறமென்றால் நில். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது. நாளை வகுப்பில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"அம்மா, என் விளையாட்டுக்குள்ள யாரோ இருக்காங்க!"

"இருந்தா சாப்பிட வரச் சொல்லு," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

கதவோரம் அவள் தங்கை, சின்னவள், நின்றிருந்தாள். "அதை இடிக்காதக்கா," என்றாள் மெல்ல. "வலிக்கும்."

"எதுக்குடி வலிக்கும்?"

சின்னவள் ஓடிவிட்டாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெரியவள் உருண்டையை மேலிருந்து விட்டாள். நின்றது. பக்கத்திலிருந்து விட்டாள். நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள்.

புள்ளிகள் சேரச் சேர ஒரு தலை வந்தது. தோள் வந்தது. நீட்டிய ஒரு கை வந்தது. கடைசியாக, உச்சந்தலையில் நட்டுக்கொண்டு நிற்கும் ஒற்றைக் குடுமி.

அந்தக் குடுமி இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

"உன் விளையாட்டுல நானும் வரேன்க்கா," என்று நேற்று கெஞ்சியவளை, "உனக்கு இதுல இடமில்ல, போ," என்று விரட்டியது நினைவுக்கு வந்தது. நேற்று லேசாக இருந்த சொல் இன்று நெஞ்சில் கனத்தது.

சின்னவள் கட்டிலுக்கடியில் கிடந்தாள்.

"எப்படி வரைஞ்ச?"

"நீ குளிக்கப் போனப்ப. கருப்பு மாதிரியே ஒரு நீலத்துல. உன் கண்ணுக்குத் தெரிஞ்சா திட்டுவியே!"

"என் கண்ணுக்குத் தெரியல. உருண்டைக்குத் தெரிஞ்சுபோச்சுடி, கழுதை!"

"அழிச்சிருவியாக்கா?"

அழிப்பது ஒரு நொடி வேலை. பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வா. உனக்கு என்ன நிறம் வேணும்?"

"பச்சை!"

வெள்ளைப் புள்ளிகள் மறைய உருவம் முழுக்கப் பச்சை பூசிவிட்டு, இன்னொரு விதி எழுதினாள்: பச்சையைத் தொட்டால் நிற்காதே, கூட்டிக்கொண்டு போ.

உருண்டை அந்த நீட்டிய கையைத் தொட்டது. திரையில் இருவரும் சேர்ந்து நகர்ந்தார்கள். கருப்பு அறையின் வாசலுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றார்கள். அங்கேயும் சுவர் இல்லை.

பெரியவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இருட்டுல தனியா நிக்கப் பயமா இருந்துச்சுக்கா," என்றாள் சின்னவள். "அதான் ஒரு பூனையையும் வரைஞ்சேன்."

பெரியவள் சிரித்துக்கொண்டே பூனைக்கு நிறம் தேடினாள்.