கரகர தாலாட்டு

அந்த வீட்டில் இரண்டு குழவிகள் இருந்தன. ஒன்று, அம்மா ஓவிய வண்ணம் அரைக்கும் கண்ணாடிக் குழவி. இன்னொன்று, தொட்டிலில் கிடந்த தம்பி. “குழந்தைக்கும் குழவின்னு ஒரு பேர் இருக்கு” என்று அம்மாதான் சொன்னார். கண்ணாடிக் குழவி சொன்னபடி கேட்கும். தம்பி கேட்க மாட்டான்.

அன்று அவனுக்குப் பல் முளைக்கிற வேதனை. காலையிலிருந்து ஒரே அழுகை.

மாடியில் குடியிருக்கும் ஓவியர் அத்தை எட்டிப் பார்த்தார். “சிவப்பு சுத்தமா தீர்ந்துபோச்சும்மா. நாளைக்குப் படத்தைக் கொடுக்கணும், அதுல பாதிக் கூரைக்கு நிறமே இல்ல. சாயங்காலம் ஒரு ட்யூப் கிடைக்குமா?”

“கொடுத்துடலாம்” என்றார் அம்மா. சொல்லிவிட்டாரே தவிர, தம்பி விட்டால்தானே?

அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு யானை மாதிரி நடந்தார். பூனை மாதிரி கத்தினார். தம்பி அவர் மூக்கைப் பிடித்து இழுத்து, இன்னும் பலமாக அழுதான்.

“யானை பிடிக்கலபோல” என்று அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மாவே வேலையை விட்டுவிட்டு அவனை வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிப் பலகையில் சிவப்பு மண்தூள் குவியலாகக் காத்திருந்தது.

“நான் அரைக்கட்டுமாம்மா?” என்று கேட்டாள், நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா.

“கை வலிக்கும்டி.”

“வலிச்சா சொல்றேன்.”

அவள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாள். தூளின் நடுவே குழி செய்து, ஆளிவிதை எண்ணெய் ஊற்றிக் குழைத்தாள். குழவியை இரண்டு கைகளாலும் பிடித்து, வட்டமாகத் தேய்த்தாள்.

கரகர... கரகர...

அழுகை நின்றது. அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரைக்க அரைக்கச் சத்தம் குறைந்தது. வண்ணம் வெண்ணெய் மாதிரி ஆனதும் சத்தமே இல்லை. தம்பி வீல் என்று கத்தினான்.

அம்மா ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். “அருமையா வந்திருக்கு. ஆனா ட்யூப்ல அடைக்க ரெண்டு பேர் வேணுமே. இவனை யார் பார்த்துக்கிறது?”

அக்கா யோசித்தாள். “அம்மா, வண்ணம் நைசாயிட்டாத்தான் இவன் அழறான். கரகரன்னா பேசாம கேக்கிறான்.”

இன்னொரு பலகையை எடுத்தாள். மஞ்சள் மண்தூளைக் கொட்டினாள். கரகர... அம்மா தொட்டிலில் கிடத்திய தம்பிக்குக் கண்கள் செருகின. அம்மாவும் அப்பாவும் ட்யூப்பின் அடிப்பக்கம் வழியாகச் சிவப்பை அடைத்து, மடித்து மூடினார்கள்.

மஞ்சளும் நைசானது. தம்பி ஒரு கண்ணைத் திறந்தான்.

“பச்சையை எடு, பச்சையை எடு” என்று கிசுகிசுத்தார் அப்பா.

பச்சை பாதி அரைபட்டபோது ஓவியர் அத்தை வந்தார். அப்பா உதட்டில் விரல் வைத்தார். தோள் வலி தாங்காமல் அக்கா எழுந்து, அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, குழவியைக் கையில் கொடுத்தாள்.

“நான் சிவப்பு வாங்கத்தானே வந்தேன்?”

“அது தயார், அத்தை. இவன் நல்லாத் தூங்கினதும் எடுத்துட்டுப் போங்க.”

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு அரைத்தார். பிறகு அப்பா. பிறகு அம்மா. கடைசியில் எல்லார் கையும் பச்சை. தூங்குகிறவன் கை மட்டும் சுத்தமாக இருந்தது.