வழியனுப்பாமல் வந்தவன்

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது நாராயணின் வேட்டியிலிருந்து கல்பாத்திப் புழையின் ஆற்றுத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து அமாவாசைக் காலை, மழை விட்டபாடில்லை. பிரசவ வார்டு மாடியில். லிப்ட் வழக்கம்போல மக்கர்.

படியேறும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

படித்துறையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்து, தர்ப்பைப்புல் முடிச்சான கூர்ச்சத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரையும் பெயர் சொல்லி அழைத்தாயிற்று. எள்ளும் தண்ணீரும் விடுவதற்குள் போன் வந்தது. மனைவி பத்மப்ரியாவுக்கு வலி கண்டுவிட்டது. பல வருஷம் ஏங்கித் தங்கிய கர்ப்பம். போட்டது போட்டபடி எழுந்து ஓடிவந்தான். தர்ப்பணம் பண்ணிவைத்த சாஸ்திரிகள் பின்னாலிருந்து கத்தினார்.

"டேய் நாராயண்! விளிச்சவாளைத் திருப்பி அனுப்பாம எழுந்துக்கப்படாதுடா!"

காசி, ராமேஸ்வரம் என்று ஜனங்கள் கால்தேய நடந்தது புண்ணியத்துக்கு மட்டுமில்லை என்பது சாஸ்திரிகளின் கட்சி. செத்தவர்களை வீட்டு வாசலில் கூப்பிட்டால் உள்ளே வந்துவிடுவார்கள். எங்காவது ஒரு துறையில் கூப்பிட்டு, தாகம் தீர்த்து, அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். தீர்த்தம் உண்டானதே அதற்குத்தான் என்பார். நாராயண் சிரித்திருக்கிறான்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

அவன் ஈரக்காலின் சத்தத்துக்குப் பின்னால் வேறு ஈரக்கால்கள். ஆற்றுச் சேற்றின் வாடை. அவன் நின்றான்.

அவை கொஞ்சம் தாமதித்து நின்றன.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பிரசவ அறை வாசலில் நர்ஸ் டின்சி மருந்துச் சீட்டை நீட்டினாள்.

"கீழே போய் இது வாங்கிட்டு வாங்க. கூட வந்தவங்க இங்க பெஞ்சுல இருக்கட்டும்."

"நான் தனியாக்கும் வந்தது, சிஸ்டர்."

அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இறங்கும்போது பின்னால் சத்தமே இல்லை. வாடையும் இல்லை. எல்லாம் வெறும் பிரமை என்று நாராயணுக்கு உயிர் வந்தது. மருந்துக் கடை வரிசையில் நின்றபடி குழந்தைக்குப் பெயர்கூட யோசித்தான்.

மேலே வந்தபோது டின்சி முகமெல்லாம் சிரிப்பு.

"பெண்குழந்தை! அம்மாவுக்கும் சுகம்தான்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டினான்.

"கொழந்தை எங்கே, சிஸ்டர்?"

"உங்க அச்சன் வந்து கேட்டாரே. அவர் கையிலதான் குடுத்தேன்."

"அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு," என்றான் நாராயண்.

பெஞ்சு காலியாக இருந்தது. அதில் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்த ஈரம்.

வராந்தாக் கோடியில், பின்படிக்குக் கீழே, பச்சைக்குழந்தை ஒன்று வீறிட்டது.

அதைச் சமாதானப்படுத்தும் குரலை நாராயணுக்கு நன்றாகத் தெரியும்.