தம்புசாமியின் கப்பல் சீட்டு

விடிந்ததும் விடியாததுமாய்க் குஞ்சம்மா தகரப் பெட்டியிலிருந்து கப்பல் சீட்டை எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஓரகத்தி சுப்பம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா... அதைப் போலீஸ்ல காட்டாதீங்க!"

"ஏன்டி? நாகப்பட்டணத்துலேர்ந்து முறையா வந்தவங்கன்னு தெரிய வேணாமா?"

குஞ்சம்மாவின் மகன் தம்புசாமியை ஜாசின் போலீஸ் ஸ்டேஷனில் அடைத்துப் பத்து நாளாகிறது. ரப்பர்ப் பால் வெட்டப் போனவனின் தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு இருந்தது. தோட்டத்து முள்வேலி தாண்டும் சோறு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுக்குத்தான் என்பது மலாயாவின் அவசரகாலச் சட்டம். எங்கே பிறந்தாய் என்று கேட்டதற்கு, "இந்தியாவுல. கைப்பிள்ளையா கப்பல்ல வந்தேன்" என்றிருக்கிறான். அப்படியானால் அங்கேயே கப்பலேற்றிவிடு என்றார்கள்.

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கப்பலில் வந்த தம்புசாமி வேறு, குஞ்சம்மா பெற்ற பிள்ளை. அது வந்த பத்தாம் நாளே காய்ச்சலில் போய்விட்டது. பால் கட்டிய மார்போடு சுவரில் முட்டிக்கொண்டு கிடந்த ஓரகத்தியின் மடியில், தோட்டத்தில் தான் பெற்ற ஆறு மாதப் பிள்ளையைப் போட்டவள் சுப்பம்மா. யாரிடமும் சொல்வதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தாள். வேறு தோட்டத்துக்கு மாறியதும், செத்த பிள்ளையின் பேரும் சீட்டும் உயிரோடிருந்த பிள்ளைக்கு ஆகிவிட்டன.

"இங்க பொறந்தவன்னாத்தான் கப்பலேத்த மாட்டாங்க. சர்க்கார்ல எழுதிக்குடுத்த பொறப்புச் சூராட் எங்கிட்ட இருக்குக்கா."

"குடுத்ததைப் புடுங்கப் பாக்குறியா? நீ வாயைத் தொறந்தா கெணத்துல விழுவேன்!"

"விழுங்க! அந்த ஊர்ல அவனுக்கு யாரு இருக்கா? சொல்லுங்க... யாரு இருக்கா?"

சூராட்டை முந்தானையில் முடிந்துகொண்டு சுப்பம்மாவும் பஸ் ஏறினாள்.

ஸ்டேஷனில் விலங்கோடு வந்த தம்புசாமி முகம் சுளித்தான். "அம்மா வந்தா போதாதா? சின்னம்மா எதுக்கு?"

மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி கனகரட்ணம் நிமிர்ந்தார். "பெத்த தாய் ஆர்?"

சுப்பம்மா முந்தானை முடிச்சை இறுகப் பிடித்தாள். அணைத்த கற்பூரம் இன்னும் உள்ளங்கையில் சுட்டது. குஞ்சம்மா அவள் முந்தானை முடிச்சை வெடுக்கென்று அவிழ்த்து, சூராட்டை மேசையில் வைத்தாள்.

"இவதாங்க ஐயா... என் பிள்ளை மண்ணுக்குள்ள இருக்கான். அவன் பேருதான் இவனுக்கு."

"இதில பேர் கந்தசாமி எண்டு கிடக்கு. பிறந்தது இஞ்சதான்." கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "கப்பல் ஏத்தமாட்டினம். சோத்துக்கு மறியல்வீட்டில கிடக்கத்தான் வேணும், அது வேற."

தம்புசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விலங்குக் கைகளால் சுப்பம்மாவின் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தான். போலீஸ்காரர் இழுக்கும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் குஞ்சம்மா ரோட்டோரம் குந்திவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வழியில்லாத பிள்ளைக்காக, மார்பில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"தம்புசாமீ... என் ராசா...!"

சுப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு, தானும் குரலெடுத்தாள்.