ஆறரைக்கு நின்றுபோகும் ரேடியோ

இன்னும் மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தன.

ஜீவன் தன் கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்தான். அதன் முன்னால் தேத்தண்ணி வடிகட்டும் வடியை ஒரு குச்சியில் கட்டி நிறுத்தினான். வடியின் மேல் லோஜினியின் பள்ளிக்கூடக் காலுறையை இழுத்து மாட்டினான்.

"இது எதுக்குண்ணே?"

"நீ 'ப'ன்னு பாடுறப்போ வாயிலருந்து காத்து வந்து மைக்கில அடிக்கும். இது தடுத்துடும்."

"துவைச்ச சொக்ஸ்தானே?"

"நேத்துத் துவைச்சதுதான். மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பாடாத."

கண்டியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் பிள்ளைகளிடம் புதுப் பாட்டுகளைக் கேட்டிருந்தது. முதலில் ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால், அந்தக் கூடத்துக்கே அழைத்து நல்ல மைக்கில் இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. கிட்டாரும் இரவல். கலஹா டவுனில் இருக்கும் நண்பன் ரிஸ்மிக்கு அதை இன்றே திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

பாட்டைக் கட்டியவன் ஜீவன். பாட வேண்டியவள் அவன் தங்கை.

லோஜினிக்கு வயது பதினொன்று. வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டால், அவள் வந்திருப்பதைப் பக்கத்துப் பிள்ளைதான் டீச்சருக்குச் சொல்லும். அவ்வளவு மெல்லிய குரல். ஆனால் தினமும் மாலை ஆறரைக்கு அம்மா பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும், அம்மாவின் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். உள்ளே உட்கார்ந்து பாடுவாள். அது ஜீவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கே," என்று அவள் இன்று மூன்றாவது தடவையாக நினைவூட்டினாள்.

"சொல்ல மாட்டேன். ஆனா கம்பளிய எடு. உள்ளருந்து பாடினா சாக்குக்குள்ள பூனை கத்துற மாதிரி இருக்கு."

அவள் முகத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாடினாள். பாடி முடித்ததும் இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக் கேட்டார்கள்.

லோஜினியின் கண்கள் விரிந்தன.

அவள் குரல் இருந்தது. கிட்டாரும் இருந்தது. அவற்றின் பின்னால் ஒரு கரண்டி கோப்பையைக் கலக்கியது. தையல் மெஷின் ஓடியது. ஒரு குழந்தை சிணுங்கியது. ஒரு கோழி யாரையோ திட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்து வீட்டு அழகமுத்து மாமாவின் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை.

"இதெல்லாம் எனக்குக் கேக்கவே இல்லையேண்ணே!"

"நம்ம காதுக்குப் பழகிப்போச்சு. போனுக்குப் பழக்கமில்ல."

லோஜினி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த சுவர் மேலே போய், கூரைக்கு இரண்டு முழம் கீழேயே நின்றுவிட்டது. அடுத்த சுவரும் அப்படித்தான். அந்தத் தோட்ட லயத்தில் வரிசையாக ஆறு வீடுகள். மேலே ஒரே தகரக் கூரை. பிறந்ததிலிருந்து அவள் கண் முன்னால் நின்ற சுவர் அது. இன்றுதான் அதைப் பார்த்தாள்.

"சத்தம் சுவர ஏறிக் குதிச்சு வருதுண்ணே. ஆறு வீடும் ஒரு பெரிய வீடு!"

"நல்லாக் கண்டுபிடிச்ச. அப்ப ஆறு வீட்டையும் வாய மூடச் சொல்லணும். நடக்கிற காரியமா?"

லோஜினி ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்கன்னு சொல்லக் கூடாது. எப்ப சத்தம் இருக்காதுன்னு கேக்கணும்."

இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டுக்காரர்கள் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார்கள், லோஜினியின் அம்மாவைப் போல. கடைசி வீட்டு நிலூஷா அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "மூணு மணிக்குக் கொஞ்ச நேரம் படுப்பேன்," என்றாள். கொப்பியில் ஏறியது.

சுப்பம்மா அக்காவின் மடியில் குழந்தை இருந்தது.

"இவன் ரெண்டரைக்குத் தூங்கினா நாலு வரைக்கும் எந்திரிக்க மாட்டான். ஆனா கோழிக்கு யாரு சொல்றது? முட்டை போட்டா ஊரையே கூட்டும்."

"கூடையப் போட்டு மூடினா ராத்திரின்னு நெனச்சுப் பேசாம இருக்கும்க்கா. நான் மூடுறேன். உங்க குடத்துக்கும் தண்ணி எடுத்து வச்சிடுறேன். நீங்க வெளிய போனா தம்பி முழிச்சிடுவான்ல?"

"நீ ஒருத்திதான் அதை நெனச்சுப் பார்த்த." சுப்பம்மா சிரித்தாள். "ஆமா, பாடப்போறது யாரு?"

லோஜினி தன் கால் விரல்களைப் பார்த்தாள். "ஜீவன் அண்ணே."

"ஓஹோ," என்ற சுப்பம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மிஞ்சியது அழகமுத்து மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்கினாலும் ரேடியோ தூங்காது. மாலை ஆறரைக்கு மட்டும் அது திடீரென்று ஊமையாகிவிடும். பழைய ரேடியோ, அதற்குள் பேட்டரி களைத்துவிடுகிறது போல என்று லோஜினி நினைத்திருந்தாள்.

"மாமா, மூணு மணிக்கு ஒரு நாலு நிமிசம் ரேடியோவ..."

"இன்னைக்கா? பாப்பா, இன்னைக்கு மேட்ச்! யாரு பாடுறது?"

"ஜீவன் அண்ணே."

"ஜீவனா!" மாமா வாசல் இஸ்தோப்பில் சாய்ந்து உட்கார்ந்து இடி மாதிரி சிரித்தார். "அவன் பாடினா நான் சத்தத்தக் கூட்டி வைக்கணும்."

அவள் நடந்து போய்ச் சுப்பம்மா அக்காவின் குடத்தை எடுத்தாள்.

மூன்று மணிக்கு லயம் அடங்கியது. தையல் மெஷின் நின்றது. குழந்தை தூங்கியது. கூடைக்குள் கோழி ராத்திரி என்று நம்பியது. மலை உச்சியில் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால், பிறகு பாட்டே கிடையாது.

ரேடியோ மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

ஜீவன் கிட்டாரைக் கீழே வைத்தான். "விடு லோஜி. கிரிக்கெட்டோடயே அனுப்புவோம். கண்டியில ஸ்கோர் கேட்டா சொல்லலாம்."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்தப் பாட்டுக்காக அவன் இரண்டு மாதமாக விரல் தேய வாசித்தது அவளுக்குத் தெரியும்.

லோஜினி தோளிலிருந்த கம்பளியை எடுத்துப் பின்னால் கொடியில் தொங்கவிட்டாள். முதல் தடவையாக அவளைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

"ரேடியோவுக்கு மேல பாடுறேன்ணே. நீ வாசி."

"நீயா?"

"வாசி."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

*மூடுபனி வந்து மலைய ஒளிச்சு வச்சது,*
*யாரு கண்டுபிடிப்பா, யாரு கண்டுபிடிப்பா?*

இரண்டாவது "யாரு" வந்தபோது ரேடியோ நின்றது.

அவள் நிறுத்தவில்லை. அந்த நீளமான தகரக் கூரையின் கீழே இப்போது ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. அவள் குரல் சுவரின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. அடுத்த சுவரையும் தாண்டியது. கடைசி வீடு வரை போய், அங்கே தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுபோல் இருந்தது. இவ்வளவு பெரிய குரலா தனக்குள் இருந்தது?

கடைசி கிட்டார் நரம்பின் நாதம் ஓய்ந்தது. ஜீவன் பதிவை நிறுத்தக் கை நீட்டும்போது, தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்தது. டக்.

"அது இருக்கட்டும்ணே," என்று லோஜினி கிசுகிசுத்தாள். "மலையக் கண்டுபிடிச்சாச்சுன்னு மழை சொல்லுது."

நாலு மணிக்கு முன்பே டெமோ கண்டிக்குப் போய்விட்டது. ஜீவன் கிட்டாரை மழையில் நனையாமல் படங்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

லோஜினிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பாவம், மாமாவின் ரேடியோ ஆறரைக்குத்தான் நிற்கும். இன்று மேட்ச் நடக்கும்போதே நின்றுவிட்டதே. அதனால்தான் தன் பாட்டு நன்றாக வந்தது என்பது இன்னும் உறுத்தியது. வீட்டு டோர்ச்சைத் திறந்து இரண்டு பேட்டரிகளை எடுத்தாள். மழையில் நனைந்தபடி பக்கத்து இஸ்தோப்புக்கு ஓடினாள்.

"மாமா, இந்தாங்க. உங்க ரேடியோவுக்கு."

அழகமுத்து மாமா பேட்டரிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு பாப்பா?"

"தினமும் ஆறரைக்கு நின்னுடுதே மாமா. இன்னைக்கு மேட்ச் நேரத்துலயே நின்னுடுச்சு."

மாமா ரேடியோவின் குமிழைத் திருப்பினார். வர்ணனை இஸ்தோப்பே அதிரும்படி கேட்டது. மீண்டும் திருப்பி அணைத்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"இது ஒருநாளும் தானா நின்னதில்ல பாப்பா," என்றார். "நீ பாட ஆரம்பிச்சதும் நான்தான் நிப்பாட்டுவேன்."