பேர் மட்டும் வெந்நிலா

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

காலை நேரத்து அமைதியைக் கிழித்துக்கொண்டு போன் அலறியது!

அலர்மேல் பாய்ந்து எடுத்தாள்.

"வணக்கம், வெந்நிலா கீஸர்ஸ்!"

"நான்தாம்மா... சித்தூரு கங்கையா. இன்னா, துன்னியா?"

அவள் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவளிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்ட முதல் ஆள். அநேகமாகக் கடைசி ஆளும் அவர்தான். கீஸர் வாங்கியதிலிருந்து ஏதாவது சாக்கில் தினமும் பேசுகிறவர்.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு அலர்மேல். அவ்வளவுதான் 'வெந்நிலாகீஸர்ஸ் டாட் காம்'!

கோயம்புத்தூரில் கீஸர் தயாரிக்கும் அசல் வெந்நிலா கம்பெனி, இன்டர்நெட் என்றால் என்னவென்று விசாரித்துக்கொண்டிருந்த நாளில், அதன் பெயரிலேயே வெப்சைட்டைப் பதிந்துகொண்டவன் விஷ்ணுவர்தன். அவளுடைய முதலாளி. நெட்டில் நம்பரைப் பார்த்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் கம்பெனியிடமே பேசுவதாக நினைத்தார்கள்.

"நாம கம்பெனி இல்லையே சார்?" என்று அலர்மேல் ஒருநாள் கேட்டாள்.

"அவங்க சரக்கத்தானே விக்கறோம்? அவங்க பேர வெச்சா ஏமி தப்பு?" என்றான் அவன். அவளும் நம்பினாள்.

நம்பாமல் எங்கே போவது?

கணவன் வேதாந்தம் நியூஜெர்ஸியில் சாஃப்ட்வேர். முதலில் ஞாயிறுதோறும் போன். பிறகு ஈமெயில். பிறகு பண்டிகைக்கு மட்டும் ஈமெயில். இப்போது பண்டிகைகள் பாட்டுக்கு வந்துவந்து போய்க்கொண்டிருந்தன.

"குவைத்லேருந்து உங்க பொண்ணு ரூபா பேசினாளா சார்?" என்றாள் போனில்.

"எங்கம்மா! அவ வேல செய்ற வூட்ல போனத் தொட வுடமாட்டாங்களாம். உங்கூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?"

"தசராவுக்கு வரார்! என்னையும் அழைச்சுண்டு போயிடுவார்."

"நல்லா இரு. அப்பால ஒரு விசயம்... உங்க கீஸர்ல தண்ணி புடிச்சா சுருக்குனு இழுக்குதும்மா. இரு, தொட்டுப் பாத்துச் சொல்றேன்..."

அலர்மேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் சார்! தொடாதீங்கோ! முதல்ல மெயினை ஆஃப்..."

"ஆ... ஆஆஆஆ!"

தொம்!

அப்புறம்... தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

"சார்! கங்கையா சார்!"



பக்கத்து கோடவுனிலிருந்து விஷ்ணுவர்தன் வந்தான். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவன் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தான். கேட்டான். பிறகு போன் வயரைச் சுவரிலிருந்து வெடுக்கென்று உருவினான்!

"என்ன பண்றேள்? ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும்!"

"அப்பிடி ஒரு கஸ்டமரே இல்ல. நீங்க யார்கிட்டயும் பேசல. வீட்டுக்குப் போங்க."

"ஒரு மனுஷர் அங்கே..."

"போங்கன்னு சொன்னேன்!"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவன் வெப்சைட்டை அழிக்க ஆரம்பித்தான். வெந்நிலாவின் அழகான நீல எழுத்துக்கள் ஒவ்வொன்றாய் மறைந்துகொண்டிருந்தன.

அலர்மேல் படியிறங்கி ஓடினாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்தூர் போலீஸைக் கூப்பிட்டாள். "சரிம்மா, பாக்கறோம்" என்றது ஒரு பெண் குரல். பதறவே இல்லை. மாம்பழம் விலை கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை!

அலர்மேல் சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். சந்திரகிரிக் கோட்டை வந்தது. போனது. பூதலப்பட்டு மாந்தோப்புகள் வந்தன. போயின. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். இந்த ஊர் உலகத்தில், தான் தேடிப் போக ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் முகம்கூடத் தெரியாது. குரல்தான் தெரியும்.

அதையும் கொன்றாயிற்று.

கிரீம்ஸ்பேட்டையின் கடைசியில், வாசலில் வேப்பமரம் நின்ற ஓட்டு வீடு. கீஸர் அனுப்பியபோது பில்லில் அவளே எழுதிய விலாசம். கதவு திறந்தே கிடந்தது. போலீஸ் இல்லை, ஜனம் இல்லை.

"சார்..."

மெயின் ஸ்விட்சைத் தேடி அணைத்தாள். அது குளியலறைக் கதவை ஒட்டியே இருந்தது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஈரத் தரையில் ஒரு கிழவர் குப்புறக் கிடந்தார்! விரல் நுனியெல்லாம் கரி! சுவரில் 'வெந்நிலா' கீஸர் நீல எழுத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் வந்துட்டேன் சார்... லேட்டா வந்துட்டேன்..."

விம்மியபடி அவர் தோளைத் தொடப் போனாள்.

"தொடாதே!"

பின்னால் விஷ்ணுவர்தன்! கையில் ஸ்பேனர். தோளில் ஒரு அட்டைப்பெட்டி. வாசலில் அவனுடைய வேன் நின்றது.

"நீயா? வீட்டுக்குப் போகச் சொன்னேனே!" மரியாதை வழியிலேயே இறங்கிவிட்டிருந்தது. "சரி, இந்தப் பக்கம் தள்ளு. அந்தக் கீஸரக் கழட்டணும். இதோ, அசலக் கொண்டாந்திருக்கேன். போலீஸ் வர்றதுக்குள்ள மாட்டிடணும்."

"அசலா...? அப்ப, அது?"

"அது நம்ம தயாரிப்பு! நாயுடுபேட்டை ஷெட்ல பண்ணது."

"நாயுடுபேட்டையா? போன மாசம் அங்கே செல்லியம்மான்னு ஒருத்தி, கீஸர் ஷாக் அடிச்சு..."

"ஆமா. அதுவும் நம்மளுதுதான்."

அலர்மேல் சுவரிலிருந்த கீஸரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா வித்தேள்?"

விஷ்ணுவர்தன் சிரித்தான்.

"தெரிஞ்சா என்ன? கேஸ் யார் மேல போச்சு? கம்பெனி மேல! வெப்சைட்ல அவங்க பேரு, பில்லுல அவங்க பேரு. வித்தா காசு எனக்கு, செத்தா பழி அவங்களுக்கு. அதுக்குத்தாம்மா அந்தப் பேரு!"

"நான் சொல்லிடுவேன்! எல்லாத்தையும் போலீஸ்ல சொல்லிடுவேன்!"

"என்னன்னு சொல்லுவே? எவனும் என்னப் பாத்ததில்ல. டொமைன் பதிஞ்சது பொய்ப் பேர்ல. போன் கனெக்‌ஷன் உன் பேர்ல! எல்லாக் கஸ்டமரும் கேட்டது உன் குரல!"

அலர்மேல் ஓரடி பின்வாங்கினாள். பாதம் தண்ணீரில் பட்டது.

அவன் அதைக் கவனித்தான். கண் சுருங்கியது. குழாயில் தொங்கிய கீஸர் வயரை ஸ்பேனரால் தட்டி, அவள் நின்ற ஈரத்தில் விழவைத்தான். வழியை மறித்துக்கொண்டு கதவருகே நின்றான். கை மட்டும் வெளியே மெயின் ஸ்விட்சை நோக்கி நீண்டது...

"கஸ்டமரக் காப்பாத்தப் போன பொண்ணும் பலி! பேப்பர்ல நல்லாத்தான் எழுதுவாங்க. தேடி வர்றதுக்கு உனக்கு யாரு இருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் ஷாக் மாதிரி அடித்தது. யார் இருக்கிறார்கள்?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டக்!

ஸ்விட்ச் விழுந்தது.

ஒன்றும் ஆகவில்லை!

டக்! டக்! மறுபடியும் தட்டினான்.

"எவ்ளோ தட்டினாலும் வராதுப்பா..." என்றது தரையிலிருந்து ஒரு குரல். "கம்பத்துலயே ஃபியூஸப் புடுங்கியாச்சு!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

விஷ்ணுவர்தன் "வீல்" என்று அலறினான். ஸ்பேனர் அவன் காலிலேயே விழுந்தது. திரும்பி ஓடியவன், சமையலறையிலிருந்து வெளிப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் தாட்சாயணியின் மேல் போய் மோதினான். பின்னாலேயே இரண்டு கான்ஸ்டபிள்கள்! ஒருவர் கையில் டேப் ரெக்கார்டர், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது!

கங்கையா விரலில் இருந்த அடுப்புக்கரியை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள் நான். செல்லியம்மா செத்த அப்பால அசல் கம்பெனிக்காரங்க என்னிய வேலைக்கு வெச்சாங்க. யார்ரா நம்ம பேர்ல விக்கிறது, கண்டுபுடின்னு."

அலர்மேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலுக்கு இப்போது ஒரு முகம் வந்திருந்தது. நரைத்த மீசை. களைத்த கண்கள்.

"அப்ப... தினம் போன் பண்ணினது, சாப்பிட்டியான்னு கேட்டதெல்லாம்... வேலைக்காகவா?"

கங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத வாரம் வேலதாம்மா. நம்பரு உன் பேர்ல இருக்குதுன்னு அன்னிக்கே தெரியும். உன்னப் புடிச்சிருந்தா என் வேல முடிஞ்சிருக்கும். மனசு வரல. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஓனரு வெளிய வரணும்னு எஸ்.ஐ. அம்மாகிட்ட மல்லுக்கு நின்னேன். அதுக்குத்தான் இந்தச் சாவு. தடயத்தக் கழட்ட அவன் வருவான்னு தெரியும்..."

அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வருவேன்னு நெனைக்கல."

வேப்பங்காற்று வீட்டுக்குள் வந்து போனது.

"ரூபா?" என்றாள் அவள் மெதுவாக.

"ரூபா நெசம். குவைத் நெசம். போன் வராததும் நெசம். அந்த அலறலு மட்டுந்தாம்மா பொய்யி."

அலர்மேல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன் சார். எங்காத்துக்காரர் தசராவுக்கு வரல. எப்பவுமே வரப்போறதில்லை. உங்ககிட்டச் சொல்றப்போ மட்டும்... வந்துடுவார் போல இருந்தது."

"தெரியும்மா."

"எப்படி?"

"எம்பொண்ணு அடுத்த மாசம் வர்றான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறேனே... அதே கொரலு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இனிமே நீங்க போன் பண்ண ஒரு காரணமும் இல்லையே சார்."

"துன்னியான்னு கேக்கறதுக்குக் காரணம் இன்னாத்துக்கு?" என்றார் கங்கையா. "மொதல்ல ஹோட்டலுக்குப் போவலாம், வா. காலைலேருந்து செத்துக் கெடந்ததுல பசி உயிர் போவுது!"

வாசலில் விஷ்ணுவர்தனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாட்சாயணி பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

"வி... விஷ்ணுவர்தன், மேடம்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதாவது உன் சொந்தப் பேரா... இல்ல, இதுக்கும் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி இருக்கா?"