டீச்சருக்குக் கொட்டிய மணல்

கர்... கர்... என்று அந்தச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

"என்னங்க, அந்தச் சனியனைக் கொஞ்சம் சும்மா இருக்க வைங்களேன். பல்லு கூசுது" என்று அவள் சோபாவில் படுத்தபடியே கத்தினாள். கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் இதே கூத்துதான். ஹால் மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டிக்குள் பெரிய ஆமை சுவரோடு ஒண்டிக்கொண்டு, பின்னங்கால் நகங்களால் கண்ணாடியைக் கீறும். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். யாரோ அடிபிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும்.

கணவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "டீச்சர் தூங்குதும்மா. கல்லு மேல ஏறிக் கண்ணை மூடிக்கிட்டு இருக்கு."

"அப்ப சத்தம் எங்கேருந்து வருது?"

அவன் சோபாவின் மறுகோடியைப் பார்த்தான். அவளும் தலையைத் தூக்கினாள். வயிறு மறைத்தது. கையை ஊன்றி நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவளுடைய இரண்டு குதிகால்களும் ரெக்சின் உறையைக் கீறிக்கொண்டிருந்தன. இடது, வலது. அவள் பார்த்த பிறகும் ஓரிரு தரம் கீறிவிட்டுத்தான் நின்றன.

"கால் மரத்துப் போச்சா?" என்றான்.

"ஆமா" என்றாள். மரத்தெல்லாம் போகவில்லை.

அவளுக்கு அது ஒன்பதாம் மாதம். மற்றவர்களுக்கு மூன்றாம் மாதத்தோடு காலி செய்துவிட்டுப் போகிற மசக்கை, அவளிடம் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல இன்னும் உட்கார்ந்திருந்தது. பால் பொங்கினால் குமட்டும். வெங்காயம் வதங்கினால் குமட்டும். மாமியாரின் மூட்டுவலித் தைலம், கணவன் குளித்துவிட்டு வருகிற சோப்பு, வெயிலில் காய்ந்த துணி, எல்லாமே தொண்டைக்குழி வரை வந்து முட்டும். இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். ஆமைத் தொட்டியை மன்னிக்க அவளால் முடியவில்லை.

அந்தத் தண்ணீரின் மேல் எப்போதும் எண்ணெய் மாதிரி ஓர் ஆடை படர்ந்திருக்கும். ஓரங்களில் பச்சை வழுவழுப்பு. ஆமைகளின் கழுத்திலிருந்து உரிந்த தோல், நனைந்த காகிதம் போலக் கிழிந்து கிழிந்து மிதக்கும். ஓட்டிலிருந்து கழன்ற செதில்கள் பெரிய மனிதர் யாரோ வெட்டிப்போட்ட கால்நகம் போல அடியில் கிடக்கும். கணவன் வடிகட்டிப் பஞ்சை எடுத்துக் குளியலறைத் தொட்டியில் பிழிவான், பழுப்பாக, கட்டி கட்டியாக ஒன்று வழியும், பிறகு அதே கையால் அவள் தோளைத் தொட்டு, "சாப்டியா?" என்று கேட்பான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

அவன் கெட்டவன் இல்லை. வீடுகளுக்குச் சமையலறை அலமாரி அடித்துக் கொடுக்கிற தொழில் அவனுக்கு. அளக்காமல் ஒரு டம்ளரைக்கூட மேஜைமேல் வைக்க மாட்டான். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு சின்ன ஆமைகளும் ஒரு பெரிய ஆமையும் வைத்திருந்தான். கழுத்தை நீட்டி ஒவ்வொருவரையாக முறைத்துப் பார்த்து வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருப்பதால் பெரியதற்கு டீச்சர் என்று பெயர். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?" என்று மாமியார் வாரம் ஒருமுறை சொல்வாள். சொல்லிவிட்டு அவளேதான் அதுகளுக்குக் கருவாட்டுத் தூளும் போடுவாள்.

மருமகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குழந்தை பிறந்து வீட்டுக்கு வருவதற்குள் ஆமைகள் வெளியே போக வேண்டும். ஜன்னல் வைத்த சின்ன அறையைக் குழந்தைக்கென்று அவள் கழுவிக் கழுவி வைத்திருந்தாள். அந்த அழுக்குத் தண்ணீரின் ஒரு சொட்டு, அந்த நாற்றத்தின் ஓர் இழை, பிள்ளைமேல் படக்கூடாது. கணவனும் ஒப்புக்கொண்டு, கொல்லையில் ஒரு நிரந்தர இடத்துக்குத் திட்டம் போட்டான். சுற்றிலும் செங்கல் சுவர். ஆமை தோண்டி வெளியேறாமல் இருக்க மண்ணுக்குள்ளும் ஒரு முழம் தகடு. ஏறித் தப்பாமல் இருக்கச் சுவரின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். பாதி வெயில், பாதி நிழல். சரிவாக இறங்குகிற குளம். காக்காய்க்கும் எலிக்கும் மேலே வலை. கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் மழை விட்டபாடில்லை. தோண்டிய குழியெல்லாம் சேறாகி நின்றது.

அதற்குள் டீச்சர் சாப்பாட்டை நிறுத்தியது. கணவன் அதைத் தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டு அமுக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"முட்டை! உள்ள உருளுது. நீ தொட்டுப் பாரேன்."

"ஐயே, தள்ளிப் போங்க!"

"மணல் வேணும்மா அதுக்கு. கிடைக்கலைன்னா உள்ளேயே அடக்கி வெச்சுக்கும். அப்படியே அழுகி அதுவும் செத்துடும். கொல்லை காயறவரைக்கும் சின்ன ரூம்ல ஒரு பெட்டி வெச்சுக்கறேன். ராத்திரி மட்டும் டீச்சரை அதுல விட்டுட்டு, பகல்ல தொட்டிக்குக் கொண்டாந்துடறேன். நாலே நாள்."

"குழந்தை ரூம்லயா?"

"ஆள் பாத்துக்கிட்டு இருந்தா போடாதும்மா. மறைவு வேணும், மேல சூடா ஒரு பல்பு வேணும். மணலைக் கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அவ்வளவுதான்."

"எனக்கு ஆஸ்பத்திரியில பெட் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடலாம்மா."

பெட்டி வந்தது. மணல் வந்தது. அவள் ஆத்திரத்தோடு மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பிறகு கையை எடுத்தாள். மறுபடி மூச்சை இழுத்தாள். பல்பின் சூட்டில் ஈர மணலிலிருந்து மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது. குமட்டவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு வாசனை அவள் வயிற்றைப் புரட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சுகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அறைக்கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கணவன் போட்ட கூச்சலில் வீடே எழுந்தது. மணலில் ஒரு குழி. வாய் குறுகி, அடி அகன்று, குடம் மாதிரி வழவழவென்று தோண்டிய குழி.

"டீச்சர் தோண்டிப் பாத்திருக்கு!" என்று உள்ளே கையை விட்டான். முழங்கைக்கு மேலே போயிற்று. அவன் முகத்தில் சந்தேகம் தட்டியது. டீச்சர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். "இந்த ஆழத்துக்கு அதுக்குக் கால் எட்டாதே..." என்று முணுமுணுத்தான். அப்புறம் அளவு நாடாவை எடுத்துக் குழியை அளந்தான். "ஆழம் பத்தலைன்னு தேடியிருக்கு. பெட்டியைப் பெரிசா அடிச்சுடறேன்."

அவள் கதவோரம் நின்றிருந்தாள். நைட்டியைக் கீழே இழுத்துப் பாதத்தை மறைத்திருந்தாள். கால்விரல் நகங்களுக்குள்ளே ஈர மணல். குதிகால் தோல் வழன்று எரிந்தது. சொல்லியிருக்கலாம். எதை என்று சொல்வது? குளியலறைக்குப் போய், கிருமிநாசினி ஊற்றி, துணி துவைக்கிற பிரஷ்ஷால் கால்களைத் தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிகிற வரைக்கும் தேய்த்தாள். தன் கால்களே அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

அன்று மாலைக்குள் பெட்டி அறையில் பாதியை அடைத்துக்கொண்டது. பலகை ஜன்னல் வரை உயர்ந்தது. மூட்டை மூட்டையாக மணல் இறங்கியது. ஓர் ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம்.

அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார முடியவில்லை. ஹாலின் சுவரை ஒட்டிக்கொண்டே நடந்தாள். மூலை வந்தால் நின்று, நெற்றியைச் சுவரில் முட்டி, திரும்பினாள். தொட்டிக்குள் டீச்சரும் அதையே செய்துகொண்டிருந்தது.

"ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு நடக்குதுங்க" என்று மாமியார் சிரித்தாள். "ஆனா ஒண்ணு கண்ணு, அதுக்கு உன்ன மாதிரி பிள்ளை வளக்குற கவலை கிடையாது. போடும், மூடும், போயிடும். எங்கேயோ இருந்துக்கிட்டு நினைச்சுக்கிட்டே இருக்குமாம். அந்த நினைப்புலயே குஞ்சு பொரிஞ்சுடுமாம்."

"நினைக்க மறந்துட்டா அத்தை?"

"மறந்துட்டா கூமுட்டைதான். ஏன், பெத்தவ மறப்பாளா?"

அடுத்த நாள் பரிசோதனையில் டாக்டரம்மா அவள் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டினாள். பசை குளிர்ந்து வழவழத்தது. தொட்டிச் சுவரின் பச்சை ஞாபகம் வந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தலையை உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. வெட்கம் போல" என்று டாக்டரம்மா சிரித்தாள். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் உருட்டினாள். சிரிப்பு மெல்லப் போயிற்று. "வயிறு ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு? வலிக்குதா?"

"இல்ல டாக்டர். குழந்தை நல்லா இருக்கா?"

"துடிப்பு இருக்கு. கொஞ்சம் நிதானமா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்து சேந்துடுங்க. இனிமே வீட்ல இருக்க வேண்டாம்." பேசும்போது திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. கணவன் காலையிலிருந்தே கொல்லையில் இருந்தான். மதியத்துக்குள் வலை கட்டி முடித்து, மூன்று ஆமைகளையும் வாளியில் போட்டு எடுத்துப் போனான். காலித் தொட்டியையும் வெளியே தூக்கிப் போனான். ஹால் திடீரென்று பெரிசாகிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கேட்டது நடந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பை வாசலில் தயாராக இருந்தது.

"மணலை மட்டும் இப்பவே அள்ளிடறேன்மா. மண்வெட்டி எடுத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் சும்மா எட்டிப் பார்க்கத்தான் அந்த அறைக்குள் போனாள். ஜன்னலை மறைத்த பலகைக்கு மேலே ஒரு கீற்று வெயில். பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இளஞ்சூடு. ஈரம். அந்த வாசனை. வெங்காயமில்லை, தைலமில்லை, மனிதர்கள் இல்லை.

கதவைத் தாழிட்டது அவள் கைதான்.

மணல் பாதத்துக்கு இதமாக இருந்தது. ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். உடனே கால்கள் ஆரம்பித்துவிட்டன. இடது. வலது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு எங்கேயோ மேலே இருந்தது. கால்கள் கீழே இருந்தன. ஒரு பாதம் குழிந்து மணலை அள்ளியது, பக்கத்தில் வைத்தது. மறு பாதம் அள்ளியது. பக்கத்தில் வைத்தது. அப்படி வளைய மனிதப் பாதத்துக்குத் தெரியாது.

கொல்லையில் மாமியாரின் குரல். "அடியே, ஓடி வா! டீச்சர் போட ஆரம்பிச்சுடுச்சு!"

அவள் வாயைத் திறந்தாள். "என்னங்க" என்று கூப்பிடத்தான். காற்று மட்டும் வந்தது. உஸ்ஸ் என்று.

வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அடிவயிற்றில் ஏதோ நகர்ந்தது. உருண்டது. வழுக்கியது. சொத்தென்று விழுந்தது.

இன்னொன்று.

இன்னொன்று.

வயிறு காலிப் பை போலத் தொங்கியது. அவள் குனிந்து குழிக்குள் பார்த்தாள். வெள்ளையாக, உருண்டையாக, சளி போர்த்திக் கிடந்தன. ஓடு இல்லை, தோல். மேலே கிடந்ததன் தோல் உள்ளிருந்து புடைத்தது. ஒரு புள்ளி. பிறகு பக்கத்தில் ஒரு புள்ளி. ஐந்து புள்ளிகள். உள்ளங்கை விரிந்து தோலில் அழுத்தியது. சுண்டுவிரல் நகம்கூடத் தெரிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். குமட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எதுவுமே வரவில்லை. யாருடையது அது என்கிற நினைப்புகூட வரவில்லை.

கால்கள் மணலைத் தள்ளின. மூடின. பாதம் மாற்றிப் பாதம் வைத்து மெத்து மெத்தென்று தட்டின. உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. பூனைக்குட்டி மாதிரி. கால்கள் இன்னும் கொஞ்சம் மணல் போட்டுத் தட்டின.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். கணவன் வியர்வையும் சேறுமாக, கையில் மண்வெட்டியோடு, பல்லெல்லாம் தெரிய நின்றான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு நடைவழியின் இருட்டில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் நல்லபடியா போட்டுடுச்சும்மா! வந்து பாக்கலையே நீ. சரி, இதை அள்ளிடட்டுமா?"

"அள்ளிடுங்க" என்றாள். "குழந்தை வர்றதுக்குள்ள ரூம் சுத்தமா இருக்கணும்."

அவனை உரசிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். பால் பொங்குகிற வாசனை வந்தது. நன்றாக இருந்தது. பசித்தது. பின்னால் மண்வெட்டி சரக்கென்று மணலில் இறங்கியது. ஒரு தரம் அள்ளிக் கொட்டியது. மறுபடி, காலால் மிதித்து, ஆழமாக இறங்கியது.

அப்புறம் அது மேலே வரவில்லை.

"ம்மா..." என்றது கணவனின் குரல், அவனுடையது மாதிரியே இல்லாமல். "ம்மா... இங்க வாயேன்... இதென்ன..."

அவள் பாலை இறக்கி, டம்ளரில் ஊற்றி, ஆற்றிக் குடிக்கத் தொடங்கினாள்.