வரி விலக்குப் பெற்ற பிணம்!

செல்போன் அலறியது!

காலை பத்தேகால். ஆடிட்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் 'விரல் சாமியார்' என்று ஒளிர்ந்தது.

நெற்றியில் ஒற்றை விரலை வைத்தே தீராத நோயைத் தீர்க்கிறவர். பக்தர்களுக்கு குருஜி. ஆடிட்டருக்கு, இருபது வருடத் தொழிலில் வந்து வாய்த்த தலைவலி.

"ஆடிட்டரம்மா...! என் ரூம்ல ஒருத்தர் செத்துட்டார்!"

"டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல... முதல்ல உங்களைத்தான் கூப்பிடறேன்!"

இதுதான் குருஜி!

அவருடைய மையம் அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே. படியேறும்போதே ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டாள்.

நீல விளக்கு. கால் புதையும் கம்பளம். வாசலிலேயே கார்டு தேய்க்கும் மிஷின். அதற்கு மேலே ஒரு அறிவிப்பு... 'மனமுவந்து தந்த காணிக்கை திருப்பித் தரப்பட மாட்டாது'.

சோபாவில், தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் மல்லாந்து கிடந்தார். அறுபது வயது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆடிட்டர் மண்டியிட்டாள். மணிக்கட்டைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மறுபடியும் போனை எடுத்தாள்.

"அஞ்சாவது மாடி. சீக்கிரம் வாங்க!"

"செத்தவருக்கு என்னம்மா அவசரம்?"

"நீங்க நாடி பாத்தீங்களா?"

"பன்னெண்டு வருஷமா நாடி பாக்கறவன்மா நான்! துளி ஓட்டம் இல்ல!"

"எப்படி ஆச்சு?"

குருஜி குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் நெஞ்சு மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். விரல் இருக்க மாத்திரை எதுக்குன்னு... அதை விடுங்க. போலீஸ் வரும். நம்ம வரிப் படிவத்துல என்ன தொழில்னு போட்டிருக்கு?"

"சிகிச்சை."

குருஜி தரையில் உட்கார்ந்துவிட்டார்!

போன வருடமே ஆடிட்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "ஆன்மிக ஆலோசனைன்னு போடுங்க. வரி உண்டு, வம்பு இல்ல." கேட்டால்தானே? மருத்துவ சிகிச்சைக்கு வரி விலக்கு என்று எவனோ சொல்லியிருந்தான். குருஜி சிரித்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் இருந்த படிவத்தில் தன் விரலால் தானே தட்டினார்... சிகிச்சை! படித்தது பத்தாவது. அதையும் முடிக்கவில்லை.

"போலி டாக்டர்னு உள்ள தள்ளிடுவாங்க! அந்த வார்த்தையை மாத்துங்க! பிரார்த்தனைன்னு, போன வருஷத் தேதியிலேயே!"

"முடியாது. அது ஃபோர்ஜரி."

குருஜியின் முகத்திலிருந்த கருணை காணாமல் போனது.

"அப்போ, எழுதச் சொன்னதே நீங்கதான்னு சொல்லுவேன். உங்க லைசென்ஸ் போயிடும். கீழ தொங்குற போர்டைக் கழட்டிட்டு வீட்ல உக்காருங்க!"

அவள் வேண்டாமென்று வாயால் சொன்னதுதான். தாள் இல்லை. சாட்சி இல்லை. இந்த ஆள் செய்யக்கூடியவன். பக்கத்தில் ஒரு மனிதர் கிடக்க, வார்த்தையைப் பற்றிக் கவலைப்படுகிறவன்!

பயத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது.

"சரி... திருத்தணும்னா விண்ணப்பம் வேணும். உங்க கைப்பட. இன்னைக்குத் தேதியில. தப்பு யாரோடதுன்னு தெளிவா."

"உங்களோடதுன்னு எழுதறேன்!"

"தாராளமா. என் தப்புன்னா திருத்தச் சொல்லி நான்தான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்."

குருஜி ஒரு நொடி யோசித்தார். லிஃப்ட் சத்தம் கேட்டது. பேனாவைப் பிடுங்கினார்!

'சிகிச்சை என்ற சொல்லை, ஆடிட்டர் வேண்டாம் என்று சொல்லியும் நானே எழுதினேன். எனக்கு மருத்துவம் தெரியாது. நான் செய்வது வெறும் பிரார்த்தனை.'

கீழே கையெழுத்து. சுழியோடு!

ஆடிட்டர் அதைப் போட்டோ எடுத்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இதைக் கொடுத்தா மாத்திடுவாங்களா?"

"கொடுக்கறது உங்க உரிமை. மாத்தறது அவங்க இஷ்டம்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. அப்போதுதான்...

சோபா இருமியது!

"தண்ணி..."

"ஐயோ... பேய்!" குருஜி கம்பளத்தில் தடுக்கி விழுந்தார்.

"பேய் இல்ல குருஜி, மயக்கம். நான் தொட்டப்பவே நாடி ஓடிட்டுதான் இருந்துச்சு. பன்னெண்டு வருஷ அனுபவத்துக்குத் தெரியலையே!"

"சொல்லவே இல்லையே...!"

"நீங்க கேக்கவே இல்லையே. தொழில் என்னன்னுதானே கேட்டீங்க?"

ஆம்புலன்ஸ் நர்ஸ் கடைக்காரர் பக்கம் குனிந்தாள். "ஐயா, மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

கடைக்காரரின் கை மெல்ல உயர்ந்து குருஜியைக் காட்டியது. "இவருதான்... நிறுத்தச் சொன்னாரு..."

நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள்.

குருஜிக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் பழக்கம் விடுமா? சட்டென்று எழுந்து, அந்த ஒற்றை விரலை உயர்த்தினார்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? செத்தவருக்கு நான் உயிர் கொடுத்துட்டேன்!"

ஆடிட்டர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உயிர் கொடுக்கறதுன்னு படிவத்துல தனியா ஒரு தொழில் இல்லையே, குருஜி... மறுபடியும் சிகிச்சைன்னே போட்டுடவா?"